வெட்டுவதற்காகவே விட்ட கரை

பாசனப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். கேட்டால் மறுக்கிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மதகு எப்படிக் கட்டுவது, கலவை எந்த விகிதத்தில் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரத்தில் போடும் வரைபடத்தை நாங்கள் ஒரு மாதம் குனிந்து உட்கார்ந்து போட்டோம், அதிலும் தப்பு இருக்கும். அதனால் அந்தப் பக்கம் நான் போகப் போவதில்லை.

வெளிநாட்டுக் கடனில் ஒரு திட்டம் உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தால் எங்கே கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கள் காலத்தில் அது புதிது. எழுபதுகளின் கடைசியில் நான் காரைக்காலில் இளநிலைப் பொறியாளனாக இருந்தேன். சர்வதேச வங்கி ஒன்று கடைமடை வாய்க்கால்களைச் சீரமைக்கக் கடன் கொடுக்கிறது என்று பேச்சு வந்தது. புதுச்சேரியிலிருந்து ஒரு ஜீப் வந்தது. அந்த ஜீப்பில் பணம் வரவில்லை, படிவங்கள் வந்தன. கட்டுக்கட்டாக, வழவழவென்ற தாளில், ஆங்கிலத்தில். என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் வெளிநாட்டுக் கடன் அந்தத் தாள்கள்தான்.

காரைக்கால் எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவிரித் தண்ணீர் தமிழ்நாட்டு வயல்களையெல்லாம் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் நம்மிடம் வரும். மழைக்காலத்தில் கதை தலைகீழ். அங்கே பெய்கிற மழையும் நம் தலையில்தான் இறங்கும். வேண்டும்போது வராது, வேண்டாதபோது போகாது. ஆகவே தண்ணீரைக் கொண்டுவருகிற வேலை பாதி, வெளியே அனுப்புகிற வேலை பாதி. வழவழத் தாள்களில் முதல் பாதிக்கு முப்பது கட்டங்கள் இருந்தன. இரண்டாவது பாதிக்கு இரண்டு கட்டங்கள்.

நெடுங்காடு கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு கிளை வாய்க்கால் என் பொறுப்பில் வந்தது. அதன் பெயரும் ஊர்ப் பெயர்களும் வேண்டாம், அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. மேலே இருந்த ஊரை மேலூர் என்றும் கீழே இருந்ததைக் கீழூர் என்றும் வைத்துக்கொள்வோம். ஆட்களின் பெயர்களும் மாற்றியவைதான். கரை நெடுக நடந்து, எங்கெங்கே பழுது என்று படிவத்தில் குறிக்க வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன். கரை மொத்தமும் உருப்படியாகத்தான் இருந்தது. ஒரே ஓர் இடத்தில், பத்துப் பன்னிரண்டு அடி நீளத்துக்கு, கரை தாழ்ந்து, வைக்கோலும் களிமண்ணும் போட்டு ஏனோதானோ என்று மெழுகினாற்போல் இருந்தது. காலால் அழுத்தினால் உள்ளே போனது. அதற்கு இந்தப் பக்கம் மேலூர் வயல்களின் தண்ணீர் வந்து சேரும் வாய்க்கால். அந்தப் பக்கம் கீழூர் லூர்துசாமியின் ஒன்பது மா நிலம், அதற்கப்பால் கடலுக்குப் போகிற பெரிய வடிகால்.

எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு நாள் வெயிலில் நடந்ததற்கு ஒரு பழுதாவது கிடைத்ததே என்று. "கரை உடைப்பு, மிக மோசம், உடனே பலப்படுத்த வேண்டும்" என்று எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் அடியில் கோடு போட்டேன்.

அது உடைப்பே இல்லை. ஊர் சேர்ந்து வேண்டுமென்றே பலமில்லாமல் வைத்திருந்த இடம். கார்த்திகை மழையில் மேலூர் பயிர் மூழ்கினால், அந்த இடத்தில்தான் கரையை வெட்டுவார்கள். வெள்ளம் லூர்துசாமியின் வயல் வழியாக வடிகாலில் போய் விழும். மேலூரின் பத்து வேலி, அதாவது அறுபது ஏக்கருக்கு மேல், பிழைத்துக்கொள்ளும். லூர்துசாமியின் மூன்று ஏக்கர் போய்விடும். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். மேலூர்க்காரர்கள் எல்லோரும் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். அவர் வந்து முதல் மண்வெட்டி போட வேண்டும். அவர் போட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்கு இத்தனை முடி, அதாவது இத்தனை கட்டு, நாற்று என்று மேலூர் கொண்டுவந்து, மேலூர்ப் பெண்களே இறங்கி, கூலி வாங்காமல் ஒரே நாளில் அவர் வயலை நட்டுக் கொடுக்க வேண்டும். இதற்காகவே வருடா வருடம் ஒவ்வொரு வீட்டிலும் நாற்றங்காலில் ஒரு மூலையைப் பிடுங்காமல் விட்டு வைப்பார்கள். லூர்துசாமியின் தகப்பனார் காலத்திலும் இதுதான் நடந்தது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் பத்து வயதுப் பிள்ளை சொல்லியிருக்கும். நான் கேட்கவில்லை. படிவத்தில் கரையின் உயரம் கேட்டிருந்தது, அகலம் கேட்டிருந்தது, மண்ணின் வகை கேட்டிருந்தது. ஊரில் விசாரித்தாயா என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் தேட வேண்டும்?

இதைவிடப் பெரிய தப்பு அடுத்து நடந்தது. அதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. அந்த இடத்தில் கான்கிரீட் சுவர் என்று முடிவாகி, மேலூர் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டோம். கூட்டம் போட்டதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. எங்கள் செயற்பொறியாளர் அதற்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்: வங்கிக்காரர்கள் ரொம்பக் கண்டிப்பானவர்கள், யாராவது ஆட்சேபம் எழுப்பினால் கடனே வேறு மாநிலத்துக்குப் போய்விடும். வங்கி அப்படிச் சொன்னதா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. கடன் கொடுக்கிறவன் மிரட்டியதைவிட, அவன் பெயரைச் சொல்லி நம் ஆட்கள் மிரட்டியது அதிகம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி வேலையை அன்று நானும் பார்த்தேன்.

கூட்டத்தில் அஞ்சலை என்று ஒரு பெண் எழுந்தார். குத்தகைக்கு நிலம் வைத்திருந்தவர், கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். "ஐயா, எல்லாம் செய்ங்க. அந்த ஒரு எடத்த மட்டும் அப்படியே விட்டுடுங்களேன்" என்றார். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னால் கடன் திரும்பிப் போய்விடும், அப்புறம் வருத்தப்படக் கூடாது என்று சொன்னேன். அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். வேறு யாரும் எழவில்லை. லூர்துசாமி கடைசி வரிசையில் இருந்தார். அவரும் வாய் திறக்கவில்லை. அவர் வயலைக் காக்கத்தான் சுவர் வருகிறது, அவர் ஏன் திறப்பார்? நானாக இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

சுவர் எழும்பியது. நன்றாகவே எழும்பியது, அதில் குறை சொல்ல முடியாது. இனி பயப்படாமல் நடுங்கள் என்று நானும் சொன்னதில், அந்த வருடம் லூர்துசாமி தைரியமாகக் குட்டை ரக நெல் நட்டார். முன்பெல்லாம் வெள்ளம் தாங்குகிற நெட்டை ரகம்தான் போடுவாராம். மேலூரில் நாற்றங்கால் மூலையை யாரும் விட்டு வைக்கவில்லை. அதுதான் சுவர் வந்துவிட்டதே, இனி யாருக்கு நாற்று? ஒரு சுவர் கட்டினால் அது மண்ணில் மட்டும் நிற்காது. இது எங்களுக்கு அப்போது தெரியாது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலையில் வானம் வெளுத்ததும் மேலூருக்குப் போனேன். வயல்கள் தெரியவில்லை, ஒரே ஏரி. நட்டு முப்பது நாள் ஆன பயிர் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. இன்னும் இரண்டு நாள் நின்றால் அழுகிவிடும். சுவர் மட்டும் எங்கள் எல்லோரையும்விட நிமிர்ந்து நின்றது. அதன் மறுபக்கம் லூர்துசாமியின் வயல் பச்சைப் பசேலென்று, முழங்கால் உயரத்தில், காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கரையில் மேலூர் ஆட்கள் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அஞ்சலையம்மாள்தான் வந்து அந்த முறையை எனக்கு முழுதாகச் சொன்னார். பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி, கோபமே இல்லாமல், முதலிலிருந்து கடைசி வரைக்கும்.

நான் தபாலாபீசுக்கு ஓடினேன். புதுச்சேரிக்கு டிரங்க் கால் போட்டு, செயற்பொறியாளரிடம் சுவரை உடைக்க அனுமதி கேட்டேன். அடுத்த வாரம் வங்கிக் குழு பார்வையிட வருவதாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. இன்னும் பன்னிரண்டு வாய்க்கால்களுக்கு அந்தக் கடனை நம்பித் திட்டம் போட்டு வைத்திருந்தார். முடித்துக் காட்டிய வேலை என்று இருந்தது இந்த ஒரு சுவர்தான்.

"தொடாதய்யா. அத உடைச்சிட்டா அவங்களுக்குக் காட்ட நம்மகிட்ட வேற என்ன இருக்கு? தண்ணி தானா வடியும்" என்றார்.

வடியாது என்று சொன்னேன். எழுதி அனுப்பு என்றார். எழுதி அனுப்பினால் அது புதுச்சேரி போய்ச் சேர்வதற்குள் பயிர் உரமாகிவிடும். அதை அவரிடம் சொல்லவில்லை, சரி சார் என்று போனை வைத்தேன். அந்தத் தபாலாபீஸ் படியில் ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம். வேலை போனால் என்ன செய்வது என்றுதான் முதலில் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் மனதில் திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் படிவத்தில் கோடு போட்டது வங்கியும் இல்லை, செயற்பொறியாளரும் இல்லை. என் பேனா. அந்த அம்மாளை உட்கார வைத்ததும் என் வாய்தான். திரும்பிப் போய், உடைப்போம் என்றேன்.

அதற்கும் யாரும் அசையவில்லை. லூர்துசாமியைக் கேட்காமல் தொட மாட்டோம் என்றார்கள். பயிர் மூழ்கிக் கிடக்கிறது, அப்போதும் அப்படி. எல்லோருமாகக் கீழூருக்குப் போனோம். லூர்துசாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் வருவதற்குக் காரணம் அவருக்குத் தெரியாதா என்ன? அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மேலூர்ப் பெரியவர் ஒருவர், இந்த வருடம் நாற்றுக்கூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியே கேட்டார். மறைக்கவில்லை. லூர்துசாமி என்னைப் பார்த்தார்.

"எங்க அப்பாவும் வெட்டிக் குடுத்தாரு, நானும் வெட்டிக் குடுத்திருக்கேன். இந்தத் தடவ பயப்படாத, நடுன்னு சொன்னது நீங்க. சுவத்தக் கட்டுனதும் நீங்க. அதனால மொத அடிய நீங்க போடுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

கடப்பாரையை என் கையில் கொடுத்தார்கள். நான் அதுவரை கடப்பாரை பிடித்ததே இல்லை. சுவர் கட்டிய கொத்தனாரே வந்து, இணைப்பு இருக்கும் இடத்தைக் காட்டினார். முதல் அடியில் ஒரு சில்லு பெயர்ந்தது, என் உள்ளங்கைத் தோலும் பெயர்ந்தது. பிறகு ஊரே இறங்கியது. மத்தியானத்துக்குள் பத்தடி திறந்தாகிவிட்டது. தண்ணீர் பாய்ந்த பாய்ச்சலில் லூர்துசாமியின் பயிர் படுத்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் மேலூரில் பயிரின் நுனிகள் வெளியே தெரிந்தன. அழுகை வந்தது எனக்கு.

குழு வருகிற நாளில் செயற்பொறியாளர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து இறங்கினார். உடைந்த சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த வசவு வரவில்லை. நல்ல மூளைக்காரர், வழி யோசித்துவிட்டார். வெள்ள வேகத்தில் சுவர் விழுந்துவிட்டது என்று சொல்லிவிடு, இயற்கைச் சேதம் என்றால் மறுபடி கட்ட அவர்களே தருவார்கள், உன் வேலையும் தப்பும், திட்டமும் தப்பும் என்றார். நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன். அந்த நிமிடத்தில் அது எனக்கு நியாயமாகவே பட்டது.

குழுத் தலைவர் வயதான வெள்ளைக்காரர். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அலட்டாமல் நடந்தார். செயற்பொறியாளர் வெள்ளக் கதையைச் சொன்னார். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு, குனிந்து உடைந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டே, அப்படியானால் கனம் போதவில்லை, அடுத்த முறை இரண்டு மடங்கு கனமாகக் கட்டுங்கள், அதற்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார்.

செயற்பொறியாளர் முகம் மலர்ந்தது. என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய், அந்தச் சுவரை இரண்டு மடங்காக்கி அதே இடத்தில் நிறுத்தப் போகிறது. கொஞ்சம் தள்ளி ஊர்க்காரர்களோடு அஞ்சலையம்மாள் நின்றார். ஆங்கிலம் தெரியாது, ஆனால் கையை அகலமாக விரித்து வெள்ளைக்காரர் காட்டியது அவருக்குப் புரிந்துவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவர் விழவில்லை சார். நான்தான் உடைத்தேன்" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

குழுவில் ஒருவர் இருமினார். செயற்பொறியாளர் வடிகால் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்று தெரியும். பழுது என்று எழுதியது தப்பு, அது ஊர் விட்டு வைத்த வழி, படிவத்தில் அதற்கு இடமில்லை, நானும் விசாரிக்கவில்லை என்று கொட்டித் தீர்த்தேன். இலக்கணம் எல்லாம் வடிகாலில் போனது. அவர் கோபப்படவில்லை. லூர்துசாமியைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்றார். எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வெட்டுவீர்கள் என்று என் மூலமாகக் கேட்டார். மூன்று நாலு வருடத்துக்கு ஒருக்கா என்றார் லூர்துசாமி. அதற்கு உங்களுக்கு என்ன கிடைக்கும்? நாற்று கிடைக்கும் என்றார். நாற்று மூலையைப் பற்றி விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

அவருடைய அறிக்கை வந்தது. சுவருக்குப் பதில் ஏற்றி இறக்கும் இரும்புக் கதவு வைக்கலாம், மற்ற கடைமடை வாய்க்கால்களிலும் இதை யோசிக்கலாம் என்று இருந்தது. அவர் எழுதிய ஒரு வரிக்காக, நாங்கள் தலைகீழாக நின்றிருந்தாலும் நகராத கோப்புகள் இரண்டே மாதத்தில் நகர்ந்தன. நம் விவசாயி நமக்குச் சொன்னது, வெளிநாட்டுத் தாளில் ஏறித் திரும்பி வந்தபோதுதான் நமக்கே காதில் விழுந்தது. இந்த வெட்கத்தை நீங்கள் மறக்கக் கூடாது. எனக்கு, அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக ஒரு வருடச் சம்பள உயர்வு நிறுத்தம். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டதும் செயற்பொறியாளர்தான். போட்டுவிட்டு, "பொழச்சே, போ" என்றார். இதைவிடப் பெரிதாக எழுதியிருக்க அவரால் முடியும் என்று எனக்குத் தெரியும். வெள்ளைக்காரரின் அறிக்கையில் நாற்றைப் பற்றி மட்டும் எதுவும் இல்லை. கடன் கட்டுமானத்துக்குத்தான், நாற்று கட்டுமானம் இல்லை. அறுவடையில் மேலூர்க்காரர்கள் தாங்களாகவே களத்திலிருந்து நெல் கொண்டுபோய் லூர்துசாமி வீட்டில் இறக்கினார்கள்.

இதோடு முடித்தால் எனக்கு நல்ல பெயர். ஆனால் என்னுடைய இன்னொரு தப்பையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரும்புக் கதவு வந்தது, பூட்டு வந்தது, சாவி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. எண்பதுகளின் நடுவில் மறுபடி பெரிய மழை. நான் சாவியைக் கொடுத்து ஆளை அனுப்பினேன். அரை மணியில் கதவைத் திறந்துவிட்டு வந்துவிட்டார். மேலூர் தப்பியது. கடப்பாரை இல்லை, கூட்டம் இல்லை, டிரங்க் கால் இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, எவ்வளவு நேர்த்தியான வேலை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து லூர்துசாமி அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வயல் போய்விட்டதா என்று கேட்டேன். அது போகும்தான், அதற்காக வரவில்லை என்றார். மேலூரிலிருந்து நாற்று வந்ததா என்று கேட்டேன்.

"எதுக்கு வரும்? அவங்க கேக்கல, நானும் குடுக்கல. கவருமெண்டு தெறந்துச்சுன்னு சொல்லிட்டாங்க. அவங்க மேலயும் தப்பு இல்ல" என்றார். பிறகு, "முன்னல்லாம் என் வயலு போவும், ஆனா ஊரே என் வாசல்ல வந்து நின்னு கேக்கும். இப்ப வயலு மட்டும் போவுது" என்றார்.

வெள்ளைக்காரர் நாற்றைப் பற்றி எழுதவில்லை என்று அவரைக் குறை சொல்வேன், நான் மட்டும் என்ன செய்தேன்? முறை முழுவதும் தெரிந்த ஆள் நான். அதற்காகக் கையில் தோல் உரிந்த ஆள். சாவி கையில் இருந்ததும் மறந்துபோனேன். சுவர் கட்டியபோது தெரியாமல் செய்தேன், இது தெரிந்தே செய்தது. யோசித்துப் பார்த்தால், அந்தக் கடன் கொண்டுவந்ததிலேயே கெட்டது எது என்று என்னைக் கேட்டால், வட்டி என்றோ நிபந்தனை என்றோ சொல்ல மாட்டேன். கேட்டுச் செய்ய வேண்டிய காரியத்தைக் கேட்காமல் செய்ய முடிகிற வசதி என்பேன்.

மேசை டிராயரைத் திறந்து சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கத் தயங்கினார். மழைக்காலம் வந்தால் இது உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும், யாருக்கு வேண்டுமோ அவர்கள் வந்து கேட்டு வாங்கட்டும், நான் உட்பட என்றேன். விதிப்படி அது பெரிய குற்றம். அரசுச் சாவியைத் தனியாரிடம் கொடுக்கக் கூடாது. சம்பள உயர்வை ஒரு முறை பறிகொடுத்தவனுக்கு அந்தப் பயம் கொஞ்சம் தெளிந்திருக்கும். மறுநாள் மேலூருக்குப் போய் அஞ்சலையம்மாள் வீட்டில் நின்று, சாவி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த வாரமே மேலூரிலிருந்து நாற்று போனது. ஒவ்வொரு வீட்டிலும் இருந்ததைப் பிடுங்கிச் சேர்த்தும் பாதி வயலுக்குத்தான் வந்தது. அடுத்த வருடத்திலிருந்து நாற்றங்கால் மூலைகளும் திரும்பி வந்தன என்று கேள்விப்பட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் எனக்குப் புதுச்சேரிக்கு மாற்றல் வந்தது. பொறுப்பை வாங்கிக்கொள்ள வந்தவர் உங்களைப் போலத்தான், படித்த பிள்ளை, கறார். பட்டியலில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தார். கதவுச் சாவி ஒன்று என்று இருந்த இடத்தில் நின்று, எங்கே சார் என்றார். வாருங்கள் காட்டுகிறேன் என்று சைக்கிளை எடுத்தேன். அவரும் இன்னொரு சைக்கிளில் வந்தார். வழியெல்லாம், இது முறையில்லை சார், கையெழுத்துப் போட மாட்டேன் சார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கீழூரில் லூர்துசாமி வீட்டில் இல்லை. அவர் மனைவி இருந்தார். புது எஞ்சினியர் வந்திருக்கிறார், சாவியைப் பார்க்க வேண்டுமாம் என்றேன். அந்த அம்மாள் உள்ளே போய், மாதா படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்து வந்து, உள்ளங்கையில் வைத்து அவருக்குக் காட்டினார். அவர் கை நீட்டியதும் அந்த அம்மாள் விரலை மடக்கிக்கொண்டார்.

"இப்ப மழ இல்லியே தம்பி. மழ வந்தா வாங்க. வந்து அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்கிக்கிட்டுப் போங்க."

புதியவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து, பட்டியலை மடியில் வைத்து டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டார்.